இரும்பு மிதப்பது எப்படி, கப்பலில் இன்றும் ஆள் ஏறுவது ஏன்?

கேள்வி, ஜனவரி 6, 2025

ஒரு ஆணியைத் தண்ணீரில் போட்டால் அடிக்குப் போய்விடுகிறது. பத்தாயிரம் டன் இரும்பு மட்டும் எப்படி மிதக்கிறது? ஆர்க்கிமிடிஸ் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள், அதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தாகிவிட்டது, புரியத்தான் இல்லை. இன்னொன்று. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கப்பலில் மூன்று நாள். ஆனாலும் கப்பலில் ஆள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேரத்தின் அருமை தெரியாதவர்கள்தான் இந்தக் காலத்தில் தண்ணீரில் போவார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 9.40

தம்பி, முதல் கேள்விக்கு அடுப்படிக்குப் போங்கள். ஒரு எவர்சில்வர் குண்டான், ஒரு அகலமான டப், கொஞ்சம் அரிசி போதும்.

டப்பில் தண்ணீர் நிரப்பிக் குண்டானை மெதுவாக வையுங்கள், மிதக்கும். ஒரு டம்ளர் அரிசி கொட்டுங்கள், கொஞ்சம் இறங்கும். இன்னொரு டம்ளர், இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்போது விளிம்பை லேசாக அழுத்தித் தண்ணீரை உள்ளே விடுங்கள், அடுத்த நொடி அடியில் கிடக்கும். உலோகமும் அதேதான், எடையும் அதேதான்.

குண்டான் தண்ணீரில் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் சற்று முன்பு தண்ணீர்தானே இருந்தது? அதைச் சுற்றியுள்ள தண்ணீர் நாலாபக்கமும் அழுத்தித் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே குண்டான் வந்திருக்கிறது. யார் வந்திருக்கிறார் என்று தண்ணீருக்குத் தெரியாது, அதே பலத்தோடுதான் தாங்கும். பள்ளத்தில் இருந்த தண்ணீரின் எடையும் குண்டானின் எடையும் சமமாகும் இடத்தில் குண்டான் நின்றுவிடும்.

ஒரு டன் இரும்பைக் கட்டியாகப் போட்டால் அது தோண்டும் பள்ளம் சுமார் 127 லிட்டர்தான். 127 கிலோ தண்ணீரின் பலத்தால் 1,000 கிலோவை நிறுத்த முடியாது. அதே இரும்பைத் தகடாக அடித்துப் பெட்டியாக்கினால் 1,000 லிட்டர் பள்ளம் தோண்டும், விளிம்பும் மேலே நிற்கும். கப்பல் என்றால் அவ்வளவுதான். மிதப்பது இரும்பால் இல்லை, இரும்பு வளைத்துப் பிடித்திருக்கும் காலி இடத்தால்.

நேரத்தின் அருமை பற்றிச் சொன்னதற்கு நாளை எழுதுகிறேன். மனம் சற்றுக் கலங்கியிருக்கிறது, இந்த நிலையில் எழுதக் கூடாது.

ஜனவரி 7

எங்கள் குடும்பம் 1971இல் போர்ட் பிளேருக்குப் போனது. அப்பாவுக்குச் சாத்தம் மர ஆலையில் வேலை. 1883இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய அரசு ஆலை அது. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினான்கு.

குடித்தனமே இடம் மாறியது. இரண்டு டிரங்குப் பெட்டி, பாய்ச் சுருள், பித்தளைக் குடம், தையல் மிஷின், ஒரு முருங்கைக் கொம்பு, அம்மாவின் அம்மிக்கல். அப்பா அம்மி வேண்டாம் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். "அங்க கல்லு இல்லியா?" என்றார். "இருக்கும். அது என் கைக்கு வராது" என்றார் அம்மா. அந்த அம்மி அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது. நடுவில் வழவழவென்று குழிந்து, தடவினால் எந்த இடத்தில் மிளகாயை வைத்து இழுத்திருப்பார்கள் என்று விரலுக்கே தெரியும்.

அம்மியைச் சாக்கில் சுற்றிக் கட்டினார்கள். குழவியை அம்மா தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் பெரிய வலையில் மூட்டை முடிச்சுகளை அடுக்கி, கிரேன் வலையோடு தூக்கியது. அம்மி மேலே போகிற வரை அம்மா மூச்சே விடவில்லை. அப்பா என் தோளைத் தொட்டு, "பாருடா, கல்லு மிதக்கப் போகுது" என்றார்.

தம்பி, விமானத்தில் ஒரு ஆளுக்கு இத்தனை கிலோ என்று எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அம்மி மட்டுமே முப்பது கிலோ இருக்கும். எங்களைப் போன்றவர்கள் கப்பல் ஏறியது நேரத்தின் அருமை தெரியாமல் இல்லை. வீட்டையே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஜனவரி 8, காலை

"கப்பல் மெதுவாகப் போகிறது, அப்படியானால் எண்ணெய் வீண்தானே" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, நேர்மாறு.

விமானம் ஆகாயத்தில் நிற்பதற்கே ஒவ்வொரு நொடியும் எண்ணெய் எரிக்க வேண்டும். கப்பலின் எடையைத் தண்ணீர் சும்மா தூக்கிக்கொள்கிறது. நங்கூரம் போட்டு ஒரு மாதம் நின்றாலும் மிதப்பதற்கென்று ஒரு சொட்டுச் செலவில்லை. எரிக்கிற எண்ணெயில் பெரும்பகுதி தண்ணீரை விலக்கிக்கொண்டு முன்னே போகத்தான். அரிசி, சிமென்ட், நிலக்கரி, அம்மிக்கல் எல்லாம் கடல் வழி போவதற்கு இதுதான் காரணம்.

அவசரப்பட்டால்தான் செலவு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணெய் நாலு மடங்கு.

ஜனவரி 8, மாலை

மேலே அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். நாலு மடங்கு என்பது ஒரே தூரத்துக்கு. மணிக்கணக்கில் பார்த்தால் எட்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் இன்ஜின் பலம் ஏறக்குறைய 2×2×2, அதாவது எட்டு மடங்கு வேண்டும், ஆனால் பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம், ஆகவே பயணத்துக்கு நாலு. இதையே திருப்பிப் போட்டால், வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே அந்தப் பயணத்துக்கு எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2008க்குப் பிறகு பெரிய சரக்குக் கப்பல் கம்பெனிகள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்ட ஆரம்பித்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஜனவரி 9

குண்டானில் அரிசி எவ்வளவு வரை போடலாம், யார் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் முதலாளிதான் சொன்னார், மாலுமிகள்தான் செத்தார்கள்.

கப்பலின் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும், ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருக்கும். பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். வெப்பக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. உரிய கோடு தண்ணீருக்குள் போனால் பாரம் அதிகம் என்று அர்த்தம். இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876இல் இதைச் சட்டமாக்கினார். அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. கோடு இருக்க வேண்டும் என்றார்களே தவிர, அதை எங்கே போடுவது என்பதைக் கப்பல்காரரிடமே விட்டுவிட்டார்கள். 1890இல்தான் அதையும் வரையறுத்தார்கள்.

நன்னீருக்கு ஏன் தனிக் கோடு? கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ, ஆற்று நீர் 1 கிலோ. இலேசான தண்ணீரில் இன்னும் ஆழமாகப் பள்ளம் தோண்டினால்தான் அதே எடையைத் தாங்கும். கடலில் எட்டு மீட்டர் அமிழ்ந்திருக்கும் கப்பல் நல்ல ஆற்றுத் தண்ணீருக்குள் வந்தால் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும். நான் இன்ஜினியராக வேலை பார்த்த கப்பல்களில், ஹூக்ளி ஆற்றுத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றும்போது எங்கள் சீஃப் ஆபீசர் கப்பலுக்கு வெளியே வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டு, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பார். கோடிக்கணக்கில் பெறுமான சரக்கு ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரைப் பார்த்து முடிவாகும். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

ஜனவரி 10

மிதப்பது வேறு, கவிழாமல் மிதப்பது வேறு. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

குண்டானுக்கே வருவோம். அரிசி அடியில் இருக்கும் வரை, ஒரு பக்கம் அழுத்தினாலும் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். சாயும் பக்கம் அதிகமாக அமிழ்கிறது, அங்கே தண்ணீரின் தூக்குவிசை கூடி நிமிர்த்துகிறது. அந்த அரிசியையே ஒரு உயரமான தூக்குச்சட்டியில் போட்டுக் குண்டானுக்குள் வைத்துப் பாருங்கள், கைபட்டால் கவிழும்.

சுவீடனில் வாசா என்ற போர்க்கப்பலுக்கு நடந்ததும் இதுதான். 64 பீரங்கி, இரண்டு அடுக்கு. புறப்படும் முன் முப்பது பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று தடவை ஓடியதற்கே கப்பல் அப்படி ஆடியது, பயந்துபோய்ச் சோதனையை நிறுத்தினார்கள். ஆனாலும் அனுப்பினார்கள். 1628 ஆகஸ்ட் 10, ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே, 1,300 மீட்டர் போவதற்குள், காற்று ஒருமுறை பலமாக வீசியது, கதை முடிந்தது. ஆடுகிறது என்று தெரிந்தும் அனுப்பியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, நானூறு வருஷம் ஆனாலும்.

ஆகவே அடியில் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது.

ஜனவரி 12

முந்தாநாள் எழுதிய கடைசி வரி தவறு. இரண்டு நாளாக உறுத்துகிறது.

இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ஜப்பானுக்குப் போயிருக்கிறேன். தாது அவ்வளவு கனம், அறையின் அடியில் கொஞ்சம் கொட்டினாலே எடை முடிந்துவிடும், மேலே பெரும்பகுதி காலி. அடிக்கனம் என்றால் அப்படி ஒரு அடிக்கனம். லேசில் கவிழாது. ஆனால் அந்தக் கப்பல் சாய்ந்த வேகத்திலேயே வெடுக்கென்று நிமிரும். தஞ்சாவூர்ப் பொம்மையின் மேல் உட்கார்ந்திருப்பது மாதிரி. சாப்பாட்டுத் தட்டு மேசையில் நிற்காது, படுத்தால் தூக்கிப் போடும், கட்டிய சங்கிலியெல்லாம் முறுகும். பயணிக் கப்பலை அப்படிச் செய்ய மாட்டார்கள். தொட்டில் போல நிதானமாகச் சாய்ந்து நிதானமாக நிமிரும்படி, கனத்தை அளந்து வைப்பார்கள். போர்ட் பிளேர் கப்பலில் பாட்டிமார் தூங்கிக்கொண்டே வருவது அதனால்தான்.

இன்னொன்று, பாதி நிறைந்த தொட்டி. குண்டானில் அரிசிக்குப் பதில் பாதித் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். 1987இல் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற படகுக்கப்பல் பெல்ஜியத்தின் ஸேப்ரூக் துறைமுகத்திலிருந்து முன்கதவை மூடாமலே கிளம்பியது. கார் நிற்கும் தளத்தில் ஏறிய தண்ணீர் அங்குமிங்கும் ஓடியது, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 உயிர்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். இன்று கப்பல் இல்லை, கரும்புதான்.

ஜனவரி 17

"இன்ஜின் நின்றால் என்ன, மிதக்கத்தானே செய்யும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மிதக்கும். ஆனால் எப்படி மிதக்கும் என்பதை நான் ஒரு இரவு முழுக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாதம், வங்காள விரிகுடா, ஒரு பழைய சரக்குக் கப்பல். நான் தேர்ட் இன்ஜினியர், நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை என் வாட்ச். எங்கள் மெயின் இன்ஜின் மூன்று மாடி உயரம், நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்று. நடுவில் கியர் கிடையாது, இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் புரொபெல்லரும் ஒரு சுற்று. கப்பல் பின்னால் வர வேண்டுமானால் இன்ஜினையே நிறுத்தி எதிர்த்திசையில் கிளப்ப வேண்டும்.

அன்று கடல் கலக்கியதில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கசடு மேலே எழுந்துவிட்டது. ஜெனரேட்டர் ஃபில்டர் அடைத்தது. விளக்கு மங்கியது, துடித்தது, போய்விட்டது. மின்சாரம் போனதும் மசகெண்ணெய் பம்ப் நின்றது, பம்ப் நின்றதும் மெயின் இன்ஜின் தானாகவே நின்றது. நாலு மாதமாக என் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று இல்லை. அந்த நிசப்தத்தில் தகட்டுக்கு வெளியே தண்ணீர் உரசிப்போவது கேட்டது. அதுவரை அது எனக்குக் கேட்டதே இல்லை.

அரை நிமிடத்தில் அவசர ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, நாலு விளக்கு எரிந்தது. ஆனால் புரொபெல்லர் நின்ற கப்பலுக்குச் சுக்கான் இருந்தும் பயனில்லை. சுக்கான் மேல் தண்ணீர் ஓடினால்தான் அது திருப்பும். கப்பல் மெல்ல மெல்லத் திரும்பி, விலாவை அலைக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் ஆரம்பித்தது உருளல். நானும் மோட்டார்மேனும் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபில்டரைக் கழற்றினோம். உள்ளே தார் மாதிரி கறுப்புக் களி. டீசலில் கழுவி மாட்டுவோம், கிளப்புவோம், பத்து நிமிடத்தில் மறுபடி அடைக்கும். விடியும் வரை ஆறு தடவை. காலையில் மேலே போனபோது சமையல்காரர் எனக்கு வெறும் ரசமும் சாதமும் பிசைந்து கையில் கொடுத்தார். என் விரல்கள் மடங்கவில்லை.

ஜனவரி 20

பேச்சு எங்கெங்கோ போகிறது, நல்லதுதான். ரஜூலா பற்றிக் கேட்டவருக்கு: 1926இல் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை ஓடியது. ஒரு காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணி என்றால் அறையும் படுக்கையும் கிடையாது, தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. மலாயாத் தோட்டத்துக்குப் போன தமிழர்களில் பலர் வீட்டில் இந்தக் கப்பலின் பெயர் தெரிந்த ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்திருப்பார்கள்.

வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் காலியா, லாவோ கப்பல்களை விட்டதும் இந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துத்தான். அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள். கடல்வழி யார் கையில் இருக்கிறது என்பதற்கு அவ்வளவு விலை இருந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் படகு 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற படகோடு மறுபடி ஓடியது. ஏன் வாடைக்காலத்தில் நிறுத்துகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். ஆழமில்லாத இடத்தில் காற்று அடித்தால் அலை நீளமாக வராது, குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். சின்னப் படகுக்கு அது பெருங்கடல் அலையை விடக் கெடுதல். நிறுத்துவது சரிதான்.

ஜனவரி 23, இரவு

தம்பி, நேரத்தின் அருமை என்று நீங்கள் எழுதியது எனக்கு ஏன் சுட்டது என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

1989. நான் ஒரு கப்பலிலிருந்து இறங்கிச் சென்னையில் லீவில் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அண்ணனிடமிருந்து தந்தி. கையில் கப்பல் டிக்கெட் இருந்தது, வாங்கிவைத்த சாமான் இரண்டு பெட்டி இருந்தது. விமானத்துக்குப் போகப் பணமும் இருந்தது. மூன்று நாள்தானே, என்றேன். கப்பலிலேயே பிழைக்கிறவன், வேறு எதில் போவேன் என்று ஒரு வீம்பு. இரண்டாவது இரவு மேல்தளத்தில் நின்று நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இரவில்தான் அப்பா போனார். மூன்றாம் நாள் போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் கேங்வே ஏணியை இறக்கும்போது, கூட்டத்தில் அண்ணன் தலை மழித்து நிற்பது தெரிந்தது.

ஆகவே நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவசரம் என்றால் விமானம்தான். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தண்ணீரில் போகிறவர்கள் எல்லோரும் அருமை தெரியாதவர்கள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மூன்று நாளும் என் பக்கத்துப் பங்க்கில், அதாவது அடுக்குப் படுக்கையில், ஒரு கர்ப்பிணிப் பெண் தாய்வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள், இரண்டு மூட்டை வற்றல், ஒரு தொட்டில் கம்போடு. அவளுக்கு அந்த மூட்டையும் கம்பும் வேண்டியிருந்தன.

ஜனவரி 24

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் படித்தேன், ஒன்று விடாமல்.

பிப்ரவரி 3

முதல் தடவை போகிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்ட அம்மாவுக்கு. கப்பல் சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும், நடுவில்தான் ஆட்டம் குறைவு. கீழ்த்தளமாகவும் நடுப்பகுதியாகவும் இடம் கிடைத்தால் எடுங்கள். பங்க்கில் கீழ்ப் படுக்கை. போர்வை, பூட்டு, எலுமிச்சை ஊறுகாய், ஒரு டப்பா பொரி. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், வயிறு காலியாக இருந்தால்தான் அதிகம் புரட்டும். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும், பயப்படத் தேவையில்லை. ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றினார்கள், எனக்கு இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் வருகிறது.

நானும் இந்த மாதம் போகிறேன். அண்ணன் மகனுக்குப் பெண் குழந்தை, தொட்டில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் விடுவதற்கு முன் அம்மிக்குழவியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் படுக்கவைத்து ஆட்டுவார்கள். என் மகள் பிறந்தபோது அதற்காகவே அம்மா குழவியைத் தீவிலிருந்து துணிப்பைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார். அப்படியே என்னோடு தங்கிவிட்டார், குழவியும் தங்கிவிட்டது. அம்மி அங்கே அண்ணன் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, அண்ணி வேறு குழவியை வைத்து அரைக்கிறார், சேரவில்லை என்கிறார்.

நேற்று குழவியைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறே கால் கிலோ. மகள் விமானத்திலேயே கொண்டுபோகலாம் அப்பா, இது ஒன்றும் கனமில்லை என்றாள். உண்மைதான். ஆனாலும் கப்பலில்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன், கீழ்ப் படுக்கை கிடைத்தது. குழவியைப் பழைய துண்டில் சுற்றி, அம்மாவின் பையிலேயே வைத்திருக்கிறேன்.